ராட்சதனுக்கும் ஒரு விலை உண்டு

மலைப்பிளவில் ஒரு குகை. உள்ளே ஒரு ராட்சதன். பக்கத்துக் குகையில் குடியிருக்கும் காப்ளின் என்ற குட்டி அரக்கர்களுக்கு ஆபத்து வந்தால், ரகசியக் கதவைத் திறந்து 250 பொற்காசுகள் உள்ள பையை அவனிடம் எறிவார்கள். அவனும் உடனே சண்டைக்கு எழுந்து வருவான். ஆனால் எதிரே நிற்பவர்கள் அதைவிடப் பெரிய தொகையைக் கண்ணில் காட்டிக் கையிலும் வைத்துவிட்டால், அநேகமாக இரண்டு பைகளையும் சுருட்டிக்கொண்டு குகைக்கே திரும்பிவிடுவான்.

‘தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்’ என்ற சாகசப் புத்தகத்தில் கேரி கைகாக்ஸ் இவனுக்கு ஒதுக்கியது சில வரிகள்தான். 1980களின் தொடக்கத்தில் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டுப் பெட்டி வாங்கியவர்களில் ஏராளமானோர் அதற்குள்ளேயே இருந்த இந்தப் புத்தகத்தை வைத்துத்தான் ஆடப் பழகினார்கள். குகைகளில் விதவிதமான பிராணிகள் இருந்தும் என் ஓட்டு இந்தக் கூலிப்படை ராட்சதனுக்கே. அவனுக்கு ஓர் ஆசை இருக்கிறது. வெட்டுவதா, பேரம் பேசுவதா, காப்ளின் பை எறியும் முன்பே முந்திக்கொள்வதா என்று மேஜையில் இருப்பவர்கள் யோசித்தாக வேண்டியிருக்கிறது.

‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் தொடக்கத்தில் பையன்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கத்துவார்களே, அந்த ஆட்டம்தான் இது. ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் மட்டும் டன்ஜன் மாஸ்டர். சாராயக்கடைக்காரன், மழை, பேய், ராஜா எல்லாமே அவர்தான். கூத்தில் கட்டியக்காரன் செய்யும் வேலையில் பாதி இவருக்கும் உண்டு. ஆனால் கதை எங்கே போகும் என்று கட்டியக்காரனுக்குத் தெரியும். இவருக்குத் தெரியக் கூடாது.

இந்தக் கலை பிறந்த விதமே வேடிக்கை. 1969இல் மினியாபொலிஸ்–செயின்ட் பால் பகுதியில் டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலத்துப் போர் விளையாட்டு ஒன்றை நடத்தினார். கற்பனையான ஜெர்மானிய ஊர் பிரவுன்ஸ்டைன். படைகள் வந்து சேருமுன் ஊரில் நடப்பதற்காக, மேயர் முதலாக ஆளுக்கொரு வேடமும் ரகசிய நோக்கமும் கொடுத்தார். பிறகு போரை யார் கவனித்தார்கள்! தனித்தனியாக ஒதுங்கிப் போய்ச் சதி பேசினார்கள். இருவர் துவந்த யுத்தத்துக்கே சவால் விட்டுக்கொண்டார்கள். அதற்கு விதியே இல்லை. வெஸ்லி நின்ற இடத்தில் ஒன்றை உருவாக்க வேண்டியதாயிற்று. ஆட்டம் பாழாகிவிட்டது என்றே அவர் நினைத்தார். ஆடியவர்களோ இன்னொன்று வேண்டும் என்றார்கள். அவர்களில் ஒருவரான டேவ் ஆர்னெசன்தான் பின்னர் கைகாக்ஸோடு சேர்ந்து 1974இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளியிட்டார். முதல் அச்சு 1000 பிரதிகள்.

அன்று வெஸ்லி தெரியாமல் செய்ததைத்தான் நல்ல மாஸ்டர்கள் இன்று தெரிந்து செய்கிறார்கள். எதிரே வருபவனுக்கு எத்தனை உயிர்ப்புள்ளி என்று பார்க்குமுன், அவனுக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். பசித்த ஓநாய்க்குக் குதிரை போதும். எல்லைக் காவலனுக்குச் சண்டையே வேண்டாம். காலையில் வீடு போய்ச் சேர்ந்தால் சரி.

முடிவு செய்ய நேரமில்லையென்றால் பகடை இருக்கிறது. டாம் மோல்ட்வே தொகுத்த 1981ஆம் ஆண்டு விதிநூலில் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டும் ஓர் அட்டவணை உண்டு. 2 விழுந்தால் உடனே தாக்குதல்; 12 விழுந்தால் உற்சாகமான நட்பு; 6 முதல் 8 வரை விழுந்தால் என்ன செய்வதென்று அந்தப் பிராணிக்கே புரியவில்லை. கணக்கைப் பாருங்கள்: உடனடித் தாக்குதலுக்கு 36இல் ஒரு வாய்ப்பு, குழப்பத்துக்கு 16. இருட்டில் பந்தத்தோடு நிற்கும் நீங்களும், எதிரே நிற்கும் ஓர்க் அரக்கர்களும், இரு பக்கமும் திருதிரு என்று விழிக்கும் அந்தக் கணம் இருக்கிறதே, அதில் எது வேண்டுமானாலும் முளைக்கலாம். பிற்காலப் பதிப்புகள் இந்த அட்டவணையை ஓரங்கட்டியது பெரிய நஷ்டம் என்பேன். எதிரியைக் கண்டதும் யார் முந்தி அடிப்பது என்று பகடை உருட்டச் சொல்லும் மாஸ்டர், கதவைத் திறக்குமுன்பே அதை அறைந்து சாத்துகிறார்.

அதற்காகச் சண்டையைக் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். சண்டையின் ரசனைக்கு என் உதாரணம் 1987 நவம்பர் ‘டிராகன்’ இதழில் ரோஜர் மூர் எழுதிய தலையங்கம். டக்கர் என்ற மாஸ்டரின் கோபோல்டுகளைப் பற்றியது. கோபோல்டு என்றால் மூன்றடி உயரம். நான்கு புள்ளிக்கு மேல் உயிர் கிடையாது. ஆட்டத்திலேயே இளப்பமான எதிரி. டக்கரின் கோபோல்டுகளோ நேருக்கு நேர் வரவே வரா. குறுகிய சுரங்கங்கள், சுவரில் அம்புத் துளைகள், பின்னால் பூட்டப்படும் கதவு, எரியும் குப்பை, புகை. தேர்ந்த வீரர்கள் அலறி ஓடினார்கள். பத்தாம் தளத்துப் பெரிய அரக்கர்களிடம் போய்ச் சேர்வதே மேல் என்று தோன்றும் அளவுக்கு! ஒரு எண்ணைக்கூட ஏற்றாமல், இடத்தையும் மூளையையும் மட்டும் கொடுத்து அந்த மனிதர் சாதித்தது இது.

சொல்முறையில் எனக்குப் பிடித்தவர்கள் சிக்கனக்காரர்கள். தண்ணீர் சொட்டும் சத்தம், ஈயம் பூசாத செம்பின் வாடை, மூலையில் அசையும் ஏதோ ஒன்று. உடனே, “என்ன செய்றீங்க?” அச்சிட்ட வர்ணனையைப் பத்தி பத்தியாகப் படிக்கும் மாஸ்டரிடம் மேஜை இரண்டாம் வாக்கியத்திலேயே கைப்பேசியை எடுத்துவிடும். விட்டுக்கொடுப்பதும் இதில் சேர்த்தி. 2015இல் தொடங்கிய ‘கிரிட்டிக்கல் ரோல்’ நிகழ்ச்சியில் மாத்யூ மெர்சர், பெரிய எதிரி சாயும் அடியை எப்படி அடித்தாய் என்று ஆடியவரையே வர்ணிக்கச் சொல்வார். மாஸ்டருக்கு அது மிக ருசியான இடம். அதைத் தூக்கிக் கொடுக்க மனசு வேண்டும். தன் முன்னால் வைத்த திரைக்குப் பின்னால் பகடை எண்ணை மாற்றிச் சொல்லும் மாஸ்டர்களிடம் எனக்கு அந்த மரியாதை வருவதில்லை, நல்லெண்ணத்தில் செய்தாலும்.

நிறுத்தத் தெரிவது இன்னும் அரிது. வெற்றி உறுதியான பிறகும் கடைசிக் காப்ளினின் கடைசிப் புள்ளி வரை அரை மணி நேரம் உருட்டிக்கொண்டிருப்பதைப் போல அலுப்பு வேறில்லை. மோல்ட்வே நூலில் இதற்கும் மருந்து இருக்கிறது. ஒவ்வொரு பிராணிக்கும் மனவுறுதி எண் ஒன்று. காப்ளினுக்கு 7, ராஜா கூட இருந்தால் 9. எலும்புக்கூட்டுக்கு 12, அது ஓடவே ஓடாது. கூட்டத்தில் முதல் ஆள் விழும்போதும் பாதிப் பேர் விழும்போதும் இரண்டு பகடை. எண்ணைத் தாண்டினால் சிலர் ஓடுவார்கள், சிலர் ஆயுதத்தைக் கீழே போடுவார்கள்.

இதோ, ஒரு காப்ளின் கையைத் தூக்கிக்கொண்டு மண்டியிட்டுவிட்டது. ராட்சதனின் ரகசியக் கதவு எங்கே என்று அதற்குத் தெரியும். கட்டிப்போடலாம் என்கிறார் ஒருவர். கூலி கொடுத்து வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம் என்கிறார் இன்னொருவர். பாதிரியார் வேடக்காரருக்கு இரண்டிலும் சம்மதமில்லை. மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்து டீ குடிக்கிறார். இன்னும் கால் மணி நேரத்துக்கு அவருக்கு வேலையில்லை.