தூரிகையும் சந்தையும்: ஓவியர் தம் படைப்பை முன்வைக்கும் முறைகள் – ஒரு நோக்கு

முன்னுரை

ஓவியர் தம் படைப்பைக் காட்சிக்கூடங்களுக்கும் வாங்குவோருக்கும் கொண்டு செல்லும் வழிகளைக் கூறும் கையேடுகள் பல உள்ளன. தேர்ந்த படைப்புகளின் தொகுப்பு, சுருக்கமான தன்விளக்கம், அளவும் ஊடகமும் விலையும் குறித்த பட்டியல், கூடத்தின் போக்கறிந்து அணுகுதல் ஆகியவற்றை அவை வலியுறுத்துகின்றன. இவை தேவையானவையே. ஆயினும், ஓவியர் எதை விற்கிறார், எம்மொழியில் விற்கிறார் என்னும் வினாக்களை அவை பெரும்பாலும் எழுப்புவதில்லை. பினாங்கு, சென்னை ஆகிய இரு நகரங்களின் கலை வரலாற்றைக் கொண்டு இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

ஒரு துணி, இரு வழிகள்

பினாங்கைச் சேர்ந்த சுவா தியான் தெங் பாத்தேக் துணித் தொழிலில் தோல்வி கண்டவர். அத்தொழிலின் மெழுகையும் சாயத்தையும் கொண்டே அவர் ஓவியம் தீட்டத் தொடங்கினார். 1955இல் பினாங்கில் தம் முதல் தனிநபர் கண்காட்சியை நடத்தினார். 1968இல் அவருடைய ஓவியமொன்று யுனிசெஃப் வாழ்த்து அட்டையில் இடம்பெற்றது. யாஹோங் என்னும் கலைக்கூடமும் அவருக்குச் சொந்தமாக அமைந்தது. இங்குக் கைவினையே கலையாக உயர்ந்தது.

சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கரும் அவர்தம் மாணவர்களும் வேறு வழியைத் தேர்ந்தனர். அவர்கள் பாத்தேக் முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றனர்; அவ்வருவாயின் துணையோடு 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தை உருவாக்கினர். இங்குக் கைவினை வயிற்றைக் காத்தது. அதனால் ஓவியம் வாங்குவோர் விருப்பத்திற்கு வளைய வேண்டியதில்லாமற் போயிற்று.

இரு சாராரும் கூடக்காரரின் அழைப்புக்காகக் காத்திராமல் தமக்கென ஓரிடத்தை அமைத்துக்கொண்டனர் என்பது கருதத்தக்கது. எனினும் இரு வழிகளிலும் இடர் உண்டு. முதல் வழியில், வாங்குவோர் அடையாளங்கண்ட பாணியையே திரும்பத் திரும்பத் தீட்டும் நிலை நேரலாம். இரண்டாம் வழியில், மக்கள் வாங்காமையையே சிறப்பின் சான்றாகக் கொள்ளும் மனப்போக்கு வளரலாம்.

விற்பனையின் மொழி

சென்னை ஓவியர்கள் 1961இல் ‘ஆர்ட்ரெண்ட்ஸ்’ என்னும் இதழைத் தொடங்கினர். படைப்பை விற்குமுன் அதைக் காணும் கண்ணை உருவாக்க வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் எனலாம். ஆனால் அவ்விதழ் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தில்லிக்கும் அயல்நாட்டுக்கும் அது பாலமாயிற்று. ஆங்கிலம் அறியாத அண்டை வீட்டாருக்கு அன்று.

இக்குறையை ஓரளவு ஈடுசெய்தவர் கே. எம். ஆதிமூலம் (1938–2008). தமிழ் இதழ்களுக்கும் நூல் அட்டைகளுக்கும் அவர் வரைந்த கோடுகள், காட்சிக்கூடத்தில் காலடி வைத்திராத வாசகரையும் சென்றடைந்தன. அவ்வாசகர் ஓவியம் வாங்காதிருக்கலாம். நவீன ஓவியத்தைக் கண்டு மிரளாதிருக்கக் கற்றுக்கொண்டார்.

நம் பங்கு

சில ஆண்டுகளுக்கு முன்னர் இந்நாட்டு இளம் ஓவியர் ஒருவர், தம் ஆங்கிலத் தன்விளக்கத்தைத் தமிழாக்கித் தருமாறு என்னைக் கேட்டார். வண்ணப் பரப்பின் தன்மையைக் குறிக்க ‘இழைநயம்’ என எழுதினேன். அவருடைய தாயார் அதைப் படித்துவிட்டுப் பொருள் கேட்டார். விளக்கியதும், “கோலமாவு உலர்ந்த தரைபோல என்று எழுதலாமே” என்றார். அயல்நாட்டில் பெற்ற முனைவர் பட்டம் தராத சொல்லை அவ்வம்மையார் தந்தார். கண்காட்சியில் அத்தொடரே இடம்பெற்றது.

தமிழில் இலக்கியத் திறனாய்வு வளர்ந்த அளவுக்கு ஓவியத் திறனாய்வு வளரவில்லை. மதிப்புரை இல்லாத இடத்தில் ஓவியர் தம்மைத் தாமே புகழ வேண்டியவராகிறார். விளம்பரம் திறனாய்வின் இருக்கையில் அமர்ந்துவிடுகிறது.

முடிவுரை

ஓவியரை நல்ல வணிகராக்குவது நம் பணியன்று. அவர் படைப்பைப் பற்றி நேர்மையாகப் பேசுவது நம் பணியாகும். தமிழாசிரியர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாணவரை ஓர் ஓவியக் கண்காட்சிக்கு அழைத்துச் சென்று, கண்டதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதச் செய்தல் வேண்டும். நாளைய வாங்குவோர் அவர்களிடையே இருக்கலாம். நாளைய திறனாய்வாளரும் அவர்களிடையேதான் இருத்தல் கூடும்.