மதுரைக்காரனுக்கு எத்தனை உயிர்?

அக்கா பையன் பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்திருந்தான். பையில் துணி பாதி, தாயக்கட்டை பாதி. நம்ம ஊர் பித்தளைக் கட்டை இல்லை, இருபது முகம் வைத்த பிளாஸ்டிக். ‘மாமா, நீங்களும் உட்காருங்க. கதை மதுரையிலதான் நடக்குது’ என்றான். எனக்கு மேலூர் பக்கத்து அரிவாள்காரன் வேஷம். ராத்திரி நேரம், வைகை மணல், எதிரே நாலு பேர்.

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற இந்த ஆட்டத்தை 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்தார்கள். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் பாத்திரமாகவே பேசி, கட்டை உருட்டித் தலையெழுத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆளுக்கு இத்தனை என்று உயிர்ப்புள்ளி உண்டு. எனக்கு 28. நாலு பேரும் மாறி மாறி வெட்டியதில் 22 காலி. மிச்சம் ஆறை வைத்துக்கொண்டு பஞ்ச் டயலாக் பேசி, அத்தனை பேரையும் சாய்த்தேன். எட்டு மணி நேரம் ஓய்வெடுத்தால் (2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதி) 28-ம் திரும்பி வந்துவிடுகிறது. ஒரு தையல்கூட இல்லை!

‘என்ன மாப்ள, அழுகுணி ஆட்டமா இருக்கு?’ என்றேன்.

‘அப்ப நாளைக்கு வேற ரூல்’ என்றான்.

அது 1978-ல் வந்த ‘ரூன்குவெஸ்ட்’. எழுதியவர்களில் முக்கியமானவர் ஸ்டீவ் பெரின். பழங்காலக் கவசம் மாட்டிக்கொண்டு, பிரம்பு வாளால் நிஜமாகவே அடித்துக்கொள்ளும் சங்கத்துக்காரர். நம்ம சிலம்பக்காரர்கள் கையிலும் பிரம்பு உண்டு என்பதால் மனுஷனைச் சட்டென்று பிடித்துப்போனது. அடி வாங்கியவர் எழுதிய ரூல் அல்லவா, கைக்குத் தனிப் புள்ளி, காலுக்குத் தனிப் புள்ளி. முதல் வெட்டிலேயே என் வலது கை போச்சு. அரிவாள் மணலில். பஞ்ச் டயலாக்காவது ஒண்ணாவது, ஓடினேன். ஆனால் ஒரு வெட்டுக்கு நாலு தடவை உருட்டி, கூட்டிக் கழிப்பதற்குள் பக்கத்து வீட்டுப் பொடியன் தூங்கிவிட்டான்.

இந்த இரண்டு ஆட்டத்தையும் மதுரை தியேட்டரிலேயே பார்த்தவர்கள் நாம். ‘கில்லி’ (2004) முதல் வகை. விஜய்க்கு உயிர்ப்புள்ளி குறையவே குறையாது. எம்.ஜி.ஆர். சிலம்பம் எடுத்தபோது யாராவது அவருக்காகப் பதறினோமா? ‘சுப்ரமணியபுரம்’ (2008) இரண்டாவது வகை. துரத்தல் காட்சியில் ஜெய் சந்து சந்தாக ஓடுகிறாரே, நம் வயிற்றைப் பிசைவது ரத்தம் இல்லை, அவர் முகம்தான். கத்தி எடுத்தவனுக்கே கத்தி என்றால் பயம்.

அதற்குப் பிறகு வந்த பல அரிவாள் படங்களில்தான் எனக்கு வழக்கு. சுப்ரமணியபுரத்திலிருந்து ரத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். லுங்கி, தாடி, மதுரைப் பேச்சு எல்லாம் அச்சு அசல். ஹீரோவுக்கு மட்டும் அதே பழைய 28 புள்ளி! இதற்கு ‘ரியலிசம்’ என்று பெயர் வேறு. கில்லி என்னிடம் பொய் சொல்லவில்லை, விளையாடலாம் வா என்றுதான் கூப்பிட்டது. கைகாக்ஸும் அப்படித்தான். உயிர்ப்புள்ளி என்பது வெறும் சதையும் ரத்தமும் இல்லை, அதிர்ஷ்டமும் சாமர்த்தியமும் சேர்ந்தது என்று 1979 புத்தகத்தில் விளக்கிவிட்டார். என் 22 வெட்டும் வெட்டே இல்லை, மயிரிழையில் தப்பியவை. இந்தப் படங்களுக்கு அந்த நாணயம் இல்லை.

பட்டாக்கத்தியால் பிறந்தநாள் கேக் வெட்டி, போலீஸில் மாட்டும் பையன்களைப் பற்றி அடிக்கடி படிக்கிறோம். சினிமாதான் காரணம் என்று தீர்ப்பு எழுத நான் தயாரில்லை. ஆனால் கத்தி பட்டால் விரல் மடங்காமல் போகும், அந்தக் கையால் சட்டைப் பட்டன் போட முடியாது என்பதை அந்தப் பையன்கள் எந்தப் படத்தில் பார்த்திருப்பார்கள்?

மூன்றாம் நாள் ரூலை நாங்களே கலந்தோம். உருட்டுவதெல்லாம் டன்ஜன்ஸ் வேகத்தில். புள்ளி பாதிக்குக் கீழே போனால் மட்டும் ஒரு காயம், அது தூங்கி எழுந்தாலும் ஆறாது. நாலே நாலு பேர் வந்த சண்டைக்குப் பொடியன் அரை மணி நேரம் யோசித்தான், சமாதானம் பேசலாமா என்று.

என் அரிவாள்காரன் இப்போது இடது கையால் டீ குடிக்கப் பழகுகிறான். மாட்டுத்தாவணியில் யாரோ அவனை விசாரித்துக்கொண்டிருப்பதாக நேற்று மாப்பிள்ளை போனில் சொன்னான். மீதி அடுத்த லீவில்.