மனநிறைவும் தேர்ச்சியும்

கல்வியை அளப்பதற்குக் கருவி தேடுவோர் எக்காலத்தும் உளர். இக்காலத்தார் பெரிதும் கையாளுங் கருவி வினாக்கொத்தாகும். இணையவழிப் பல்கலைக்கழகக் கல்வி பற்றி அண்மையில் எழுந்த ஆய்வுகளிற் பல, மாணவரின் மனநிறைவை ஒருபுறமும் அவர்தந் தேர்ச்சியை மறுபுறமும் நிறுத்தி, முன்னது மிகுந்தாற் பின்னதும் மிகும் என முடிபு கூறுவன. இம்முடிபு எத்துணைப் பொருத்தமுடைத்து என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொலைவிலிருந்து கற்றல் நமக்குப் புதியதன்று. இலண்டன் பல்கலைக்கழகம் 1858 ஆம் ஆண்டிலேயே தன் பரீட்சைகளை வெளிவாரி மாணவர்க்குத் திறந்துவிட்டது. 1921 இற் கொழும்பிலே தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரியின் மாணவரும், 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்படும்வரை, அவ்வெளிவாரிப் பட்டத்துக்கே பயின்றனர். மாணவன் மகிழ்ந்தானா என வினவுதல் அம்முறைக்கு வழக்கமன்று. அது விடைத்தாளை மட்டுமே நோக்கிற்று. வெளிவாரியாகப் பட்டம் பெற்ற எம்போல்வார் அந்நோக்கின் நேர்மையை அறிவர். தேறாதவன் ஏன் தேறவில்லை என அது கேளாமையையும் அறிவர். அன்று தேர்ச்சியே அனைத்துமாய் நின்றது. இன்று மனநிறைவு அதன் இருக்கையைப் பற்ற முயல்கின்றது.

மனநிறைவு கல்விக்குச் சான்றாகுமா? 2019 இல் வெளிவந்த ஆய்வொன்று இங்கு நோக்கத்தக்கது. ஹார்வார்ட் பல்கலைக்கழகத்துப் பௌதிகவியல் மாணவருள் ஒரு பிரிவினர் தெளிவானதொரு விரிவுரையை வாளா கேட்டிருந்தனர். மற்றையோர் அதே பொருளைத் தாமே கணக்குகளோடு போராடிக் கற்றனர். விரிவுரை கேட்டோர் தாமே மிகுதியாகக் கற்றதாக எண்ணினர். சோதனையிலோ போராடியோரே விஞ்சி நின்றனர். நேர்முக வகுப்பிற் கண்ட இவ்வுண்மை இணையவழி வகுப்புக்கும் ஓர் எச்சரிக்கையாகும். தடையின்றி ஓடும் விரிவுரை தரும் இன்பம் வேறு, கல்வி வேறு.

இதனினும் பெரியதொரு குறையுண்டு. 2020 மார்ச்சிற் கொவிட் தொற்றினாற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, விரிவுரைகள் 'சூம்' செயலிக்கு மாறின. இலங்கைக் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பின் வழியாக அவற்றைத் தரவுக் கட்டணமின்றிப் பெறவும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இடமளித்தன. இது பாராட்டத்தக்கதே. ஆயினும், கட்டணத்தை நீக்கலாம், மலையை நீக்கலாமோ?

மாத்தளை மாவட்டத்து லக்கலப் பிரதேசத்தை எண்ணுக. நக்கிள்ஸ் மலைத்தொடரைச் சார்ந்தது அது. இரத்தோட்டையிலிருந்து அங்குச் செல்லும் வழியில், ரிவஸ்டன் முகட்டிலே தொடர்பாடற் கோபுரம் ஓங்கி நிற்கின்றது. கோபுரம் எத்துணை உயர்ந்ததாயினும், இடையே ஒரு மலை குறுக்கிடின் பள்ளத்து வீட்டுக்குச் சமிக்ஞை எட்டுதல் அரிது. அவ்வீட்டு மாணவன் மேட்டை நாடியே விரிவுரை கேட்டல் வேண்டும். இது வெறுங் கற்பனையன்று. 2021 இற் பதுளை மாவட்டத்துப் போகிட்டியாவக் கிராமத்துப் பள்ளி மாணவர், மூன்று கிலோமீற்றருக்கு மேற் காட்டுவழி நடந்து, மலையுச்சியில் அமர்ந்தே தம் பாடங்களைப் பெற்றனர்.

இனி, மனநிறைவை வினவும் வினாக்கொத்தும் அதே இணையவழியே அனுப்பப்படுமாயின் நிகழ்வது யாது? மேடேறியவன் விடையளிப்பான், ஏறி முடித்த ஆறுதலில் 'நிறைவு' எனக் குறிப்பினும் வியப்பில்லை. ஏற இயலாதவனோ வினாவையே காணான். பரீட்சைக்கும் வாரானாயின், அவன் நிறைவற்றோர் தொகையிலும் இல்லை. தவறினோர் தொகையிலும் இல்லை. மனநிறைவுக்கும் தேர்ச்சிக்கும் இடையே ஆய்வாளர் காணும் இசைவு, எஞ்சி நின்றோரிடை மட்டுங் காணும் இசைவேயாம்.

ஆகவே, இத்தகைய ஆய்வைப் படிப்போர் முதலிற் கேட்கவேண்டியது, எத்தனை பேர் நிறைவுற்றனர் என்பதன்று. பதிவு செய்தோர் எத்துணையர், இடையில் நின்றோர் எத்துணையர், அவர்களை எவரேனுந் தேடிச் சென்று வினவினரா என்பதேயாம். 1980 இல் நிறுவப்பெற்ற நம் திறந்த பல்கலைக்கழகம் அச்சிட்ட பாடங்களையும் பிராந்திய நிலையங்களையும் கைக்கொண்டமை, தொலைவிலுள்ளான் ஒருவனை மனங்கொண்ட செயலாகும். அந்நினைவு இணையவழிக் கல்விக்கும் வேண்டும். வந்தோரை எண்ணி மகிழ்ந்து வாராதோரை மறத்தல் கல்வியாளர்க்கு அழகன்று.