பாட்டு முடிந்த இடத்தில்

ப்ளூ நோட் ஜாஸ் இசைத்தட்டு கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது அட்டைப்படத்தை அல்ல. தட்டை விளக்கொளியில் சாய்த்து, கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே இருக்கும் வழவழப்பான வளையத்தைத்தான். அங்கே 'ஆர்விஜி' என்று இருக்க வேண்டும். ரூடி வான் கெல்டர்! நியூ ஜெர்சியில் பெற்றோர் வீட்டுக் கூடத்திலேயே ஒலிப்பதிவைத் தொடங்கியவர். அச்சுக்கான மூலத்தட்டையும் தாமே வெட்டியவர். ஆரம்பகாலத் தட்டுகளில் அது அவர் கையால் கீறிய எழுத்து. அருகிலேயே காது மாதிரி சுழித்த ஒரு குறி: பிளாஸ்டிலைட் ஆலையின் 'பி'. 1966 வாக்கில், ப்ளூ நோட் லிபர்ட்டி நிறுவனத்திடம் கைமாறிய பிறகு வந்த அச்சுகளில் அது கிடையாது. மிச்சமிருந்த பழைய லேபிள்களை அப்போதும் ஒட்டினார்கள். ஆகவே லேபிளில் உள்ள முகவரியை மட்டும் நம்பிப் பணத்தை எண்ணி வைக்கக் கூடாது.

முதல் அச்சு என்பதற்காகவே கீறல் விழுந்த தட்டை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நல்ல பிரதியாக அமைந்துவிட்டால் அதற்கு ஈடே இல்லை. ஆர்ட் பிளேக்கியின் டிரம் அடி நெஞ்சில் வந்து விழும். அன்று அந்த அறையில் அதைக் கேட்டவரே தட்டில் வெட்டிய அதே அழுத்தத்தோடு.