குதமும் குளமும்: வீரமந்திரியைத் திருகோணமலையில் வைத்து வாசித்தல்

திருகோணமலை மாவட்டத்தில் இரண்டு வகைத் தேக்கங்கள் உண்டு. சீனக்குடாவின் காட்டுக்குள் நிற்கும் எண்ணெய்க் குதங்கள் முதல் வகை. பிரித்தானியக் கடற்படைக்காக இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே எழுப்பப்பட்ட இவற்றில் 99 இன்றும் எஞ்சியிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது குதமொன்று பற்றியெரிந்தது. துறைமுகத்துக்குத் தென்மேற்கே கிடக்கும் கந்தளாய்க் குளம் இரண்டாவது வகை. சிங்கள மரபு அதனை அநுராதபுர மன்னர்களின் ஆக்கம் என்கிறது. கோணேசர் கோயில் மரபோ குளக்கோட்டனின் பெயரைச் சொல்கிறது. குதம் போருக்காகச் சேமித்தது, குளம் விதைப்புக்காகச் சேமிக்கிறது. ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் இலங்கையரான நீதிபதி சி. ஜி. வீரமந்திரி 1996இலும் 1997இலும் எழுதிய இரண்டு நீண்ட தீர்ப்புரைகளில் ஒன்று பேரழிவு ஆயுதத்தைப் பற்றியது, மற்றது ஆற்று நீரைப் பற்றியது. அவருடைய சட்ட மரபில் எது நிலைக்கும், எது நிலைக்காது என்று எடைபோட இந்த மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

1926இல் கொழும்பில் பிறந்த வீரமந்திரி, 1967 முதல் 1972 வரை இலங்கை உயர் நீதிமன்ற நீதியரசர். பின்னர் மெல்பேர்ணின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர். 1991 முதல் 2000 வரை சர்வதேச நீதிமன்ற நீதிபதி, அதில் கடைசி மூன்று ஆண்டுகள் துணைத் தலைவர். ஓய்வுக்குப் பின் கொழும்பில் சமாதானக் கல்விக்கும் ஆய்வுக்குமென ஒரு நிலையத்தை நிறுவினார். யுனெஸ்கோவின் சமாதானக் கல்விப் பரிசு 2006இலும், சுவீடனின் சரியான வாழ்வுக்கான விருது 2007இலும் அவரை அடைந்தன. 2017 ஜனவரியில் மறைந்தார். அவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் உலகின் மனச்சாட்சி என்று புகழ்ந்து அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் புகழ் அவருக்கு நன்மை செய்யவில்லை. மனச்சாட்சிக்கு மாலை போடலாம், அதனோடு வாதிட முடியாது. அவர் விட்டுச்சென்றது வாதிடத்தக்க ஒரு சட்டக் கருத்து. நிலம், நீர், ஆயுதம், ஆட்சி ஆகிய எதுவும் அதைக் கையில் வைத்திருப்பவரின் உடைமையாகாது. அவர் பிறருக்காக, பிறக்கவிருப்போருக்காகவும், அதைக் காத்து நிற்கும் பொறுப்பாளர் மட்டுமே. பொறுப்பாண்மை என்று இதைச் சுருக்கலாம். அவருடைய பணிகள் பலவற்றையும் இணைக்கும் சரடு இதுதான்.

அந்தச் சரடு தெளிவாகத் தெரியத் தொடங்கும் இடம் நவூரு. ஏறத்தாழ 21 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள அந்தப் பசிபிக் தீவை அவுஸ்திரேலியாவும் பிரித்தானியாவும் நியூசிலாந்தும் ஐக்கிய நாடுகள் சபையின் பொறுப்பாட்சி முறையின் கீழ் நிர்வகித்தன. தீவின் பொசுபேற்று தோண்டி ஏற்றுமதியானது. மேட்டு நிலம் சுண்ணாம்புப் பாறைத் தூண்களாக மிஞ்சியது. 1986இல் நவூரு அரசு அமைத்த விசாரணை ஆணைக்குழுவுக்கு வீரமந்திரி தலைமை தாங்கினார். சுதந்திரத்துக்கு முன் தோண்டப்பட்ட நிலத்தைச் சீர்செய்யும் கடமை நிர்வகித்த நாடுகளுடையது என்பது ஆணைக்குழுவின் முடிவு. பொறுப்பாட்சி என்ற சொல்லை வல்லரசுகள் தம் ஆட்சிக்கு மரியாதையான பெயராகப் பயன்படுத்தின. வீரமந்திரி அந்தச் சொல்லையே எடுத்து அவர்களிடம் கணக்குக் கேட்டார். நவூரு வழக்குத் தொடுத்தது. 1992இல் சர்வதேச நீதிமன்றம் அவுஸ்திரேலியாவின் முதன்மை ஆட்சேபங்களை நிராகரித்தது. மறு ஆண்டு இணக்கம் ஏற்பட்டது. அப்போது அந்த நீதிமன்றத்திலேயே நீதிபதியாக இருந்த வீரமந்திரி இவ்வழக்கில் அமரவில்லை. ஆணைக்குழுவில் அவரோடு பணியாற்றிய அன்ரனி ஆங்கி, சர்வதேசச் சட்டத்தின் அடிப்படைக் கருத்துகளே காலனிய மோதலில் உருவானவை என்று காட்டும் நூலைப் பின்னர் எழுதினார். மூன்றாம் உலக நோக்கில் சர்வதேசச் சட்டத்தை ஆராயும் பள்ளியின் தூண்களில் அந்த நூல் ஒன்று. வீரமந்திரியின் வாரிசுகளைத் தேடுவோர் முதலில் பார்க்க வேண்டியது இந்த வரிசையை.

1996 ஜூலை 8 அன்று அணுவாயுதங்கள் பற்றிய ஆலோசனைக் கருத்தை நீதிமன்றம் வெளியிட்டது. அணுவாயுதப் பயன்பாடு பொதுவாகப் போர்ச் சட்டத்துக்கு முரணானது, ஆனால் ஓர் அரசின் உயிர்ப்பே கேள்விக்குள்ளாகும் தற்காப்பு நிலையில் முடிவாக எதையும் கூற இயலாது என்றது பெரும்பான்மை. வாக்குகள் ஏழுக்கு ஏழாகப் பிரிந்தன; தலைவரின் தீர்மான வாக்கே முடிவைத் தந்தது. மறுத்த எழுவரில் வீரமந்திரி, ஷஹாபுதீன், கொரோமா ஆகிய மூவர் எந்தச் சூழலிலும் விலக்கில்லை என்ற பக்கம் நின்றனர். வீரமந்திரியின் மாறுபட்ட தீர்ப்புரை 1139இல் திருச்சபை குறுக்குவில்லுக்கு விதித்த தடை, நச்சம்புக்கு இஸ்லாமியச் சட்டத்தின் எதிர்ப்பு, பேரழிவு அத்திரத்தைத் தொடாமல் விடும் இராமாயண, மகாபாரதக் காட்சிகள் என்று பல மரபுகளுக்குள் போகிறது. இதை அலங்காரம் என்று தள்ளியவர்கள் உண்டு. ஆனால் நாகரிக நாடுகள் ஏற்றுக்கொண்ட பொதுத் தத்துவங்களைச் சட்டத்தின் மூலங்களில் ஒன்றாக நீதிமன்றத்தின் யாப்பே சொல்கிறது. அந்தச் சொல்லை ஐரோப்பாவோடு நிறுத்திக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை என்பதை அவர் செய்து காட்டினார்.

மாறுபட்ட தீர்ப்புரை சட்டமாகாது, தோற்றவர் எழுதிய இலக்கியம் மட்டுமே என்பது அவருக்கு எதிரான முதல் வாதம். நீதிமன்ற நடைமுறையை மட்டும் பார்த்தால் அது சரி. 1997இன் தன்யூப் அணை வழக்கு அந்த வாதத்தைத் தளர்த்துகிறது. ஹங்கேரிக்கும் சுலோவாக்கியாவுக்கும் இடையிலான அவ்வழக்கில் அவர் பெரும்பான்மையோடு நின்று தனிக் கருத்துரை எழுதினார். அபிவிருத்திக்கும் சூழல் பாதுகாப்புக்கும் இடையில் சமன் காண்பது வெறும் விருப்பம் அன்று, சட்டக் கடமை என்று நிறுவ இலங்கையின் குளங்களைச் சான்றாக அழைத்தார். மன்னன் நிலத்தின் உரிமையாளன் அல்லன், காவலன் என்று தேவநம்பிய தீசனுக்கு மகிந்த தேரர் உரைத்ததாக வரும் செய்தியும், மழைநீர் பயன்படாமல் கடலில் கலக்கக் கூடாது என்ற பராக்கிரமபாகுவின் கொள்கையும் அதில் இடம்பெற்றன. தன்சானியாவின் சொஞ்சோ, சக்கா மக்களின் நீர்முறைகளும் அருகில் நின்றன. மூன்று ஆண்டுகள் கழித்து, எப்பாவலயில் பொசுபேற்று அகழ்வுத் திட்டத்தை எதிர்த்து அப்பகுதி மக்கள் சென்ற வழக்கில் இலங்கை உயர் நீதிமன்றம் அந்தக் கருத்துரையை எடுத்தாண்டது. இயற்கை வளங்களுக்கு அரசு காவலன் மட்டுமே என்று கூறித் திட்டத்தை அப்படியே நிறைவேற்ற விடாமல் தடுத்தது. நவூருவின் பொசுபேற்றில் தொடங்கிய சிந்தனை எப்பாவலயின் பொசுபேற்றில் தீர்ப்பாக இறங்கியது. 2019இல் சுன்னாகத்து நிலத்தடி நீர் மாசு வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற தீர்ப்பும் இந்தச் சூழல் நீதிப் போக்கிலேயே வந்தது. அணுவாயுதத் தடை ஒப்பந்தமும் அவர் மறைந்து ஆறு மாதங்களில் நிறைவேறியது. 2023இல் இலங்கை அதில் இணைந்தது. ஹேக்கில் தோற்ற கருத்து வேறு வாசல்களால் சட்டத்துக்குள் வருகிறது.

இரண்டாவது ஆட்சேபம் கடினமானது. திருகோணமலையில் நின்றால் மேலும் கூர்மையாகத் தெரியும். குளங்களின் புகழ் இந்த நாட்டில் அரசியல் சார்பற்ற செய்தியாக ஒருபோதும் இருந்ததில்லை. பண்டைய நீர்ப்பாசன நாகரிகத்தை மீட்பது என்ற பெயரிலேயே கந்தளாயிலும் அல்லையிலும் குடியேற்றத் திட்டங்கள் வந்தன. 1881ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் திருகோணமலை மாவட்டத்தில் சிங்களவர் ஐந்து வீதத்துக்கும் குறைவு. 1981இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. உலக நீதிமன்றத்தில் பொறுப்பாண்மைக்குச் சான்றான குளம், உள்ளூரில் நிலத்துக்கு உரிமைப் பட்டயமாகிவிட்டது. வீரமந்திரி எடுத்தாண்ட மரபும் பெரும்பாலும் சிங்கள பௌத்த ஏடுகளின் மரபு. குளக்கோட்டன் கதைக்கு அங்கே இடமில்லை. இந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவர் வாதத்தின் உள்ளமைப்பு இந்தத் துஷ்பிரயோகத்துக்கே எதிராக நிற்கிறது. கட்டியவன் எவனாயினும் அவனே உரிமையாளன் அல்லன் என்றால், கட்டியவனின் இனத்தைச் சொல்லி இன்று எவரும் உரிமை கோர முடியாது. குளத்தின் வரலாறு கடமைக்கே சான்று, பாத்தியதைக்கு அன்று. அநுராதபுர மன்னனா குளக்கோட்டனா என்ற வழக்கு இந்த இடத்தில் தன் பாரத்தை இழக்கிறது. இன்று குளத்தைக் கையில் வைத்திருப்பவர் யாருக்குக் கணக்குச் சொல்கிறார் என்ற வழக்கு எழுகிறது.

மூன்றாவது ஆட்சேபம், அவருடைய சமாதானம் தூரத்துச் சமாதானம் என்பது. 1995இல் கிழக்குத் திமோர் வழக்கில், இந்தோனேசியா இல்லாத அவையில் வழக்கை விசாரிக்க முடியாது என்று பதினான்கு பேர் ஒதுங்கியபோது அவர் மறுத்தார். தன் விதியைத் தானே தீர்மானிக்கும் உரிமை உலகம் முழுவதையும் கட்டுப்படுத்துவது, ஆகவே ஆக்கிரமித்த இந்தோனேசியாவோடு அந்த மக்களின் கடலடி எண்ணெய்க்கு அவுஸ்திரேலியா உடன்படிக்கை செய்தது தவறு என்றார். தமிழ் வாசகர் இதைப் படித்து, வீட்டுக்கும் இந்த நியாயம் செல்லுமா என்று கேட்பது இயல்பு. 2006 ஜூலையில் இந்த மாவட்டத்து மாவிலாற்றின் மதகு மூடப்பட்டதைத் தொடர்ந்து பெரும் போர் மூண்டது. கீழ்நிலத்து வயல்களின் தண்ணீர் ஆயுதமானது. சில நாட்களில் போர் மூதூருக்கும் சம்பூருக்கும் பரவி ஆயிரக்கணக்கானோரைத் துரத்தியது. அதே ஆண்டு செப்டெம்பரில் சிங்கராசா வழக்கில் உயர் நீதிமன்றம், ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழுவிடம் முறையிட வழிவிட்ட ஒப்புதலே அரசியலமைப்புக்கு முரண் என்றது. எப்பாவல விவசாயிக்காகச் சர்வதேசச் சட்டத்தை உள்ளே அழைத்த அதே நீதிமன்றம், சிறைப்பட்ட தமிழருக்காக அதை வாசலில் நிறுத்தியது. இது ஒருவரின் தவறாகச் சுருங்காது. வளத்துக்கான பொறுப்பாண்மையை அரசு ஓரளவு ஏற்கும், அதிகாரத்துக்கான பொறுப்பாண்மையை ஏற்காது என்பதே இதிலிருந்து தெரிவது. அந்த இரண்டாவது பாதியை அரசியலமைப்புச் சீர்திருத்தமாக வரைய முயன்ற நீலன் திருச்செல்வம் 1999இல் கொழும்பில் கொல்லப்பட்டார். வீரமந்திரியையும் நீலனையும் சேர்த்து வாசிக்காமல் இலங்கையின் சமாதான ஆய்வு முழுமை பெறாது.

துறைமுகத்துக்குத் திரும்புவோம். 1957இல் பிரித்தானியக் கடற்படை வெளியேறியது. 1971 டிசெம்பரில் இலங்கையின் முயற்சியால் இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக அறிவிக்கும் 2832ஆம் இலக்கத் தீர்மானம் பொதுச்சபையில் நிறைவேறியது. எதிர்வாக்கு இல்லை, ஆனால் வாக்களிக்காது விலகியவை 55 நாடுகள். அந்த வலயம் காகிதத்தைத் தாண்டவில்லை. 1987 ஜூலையில் இந்தியப் பிரதமருக்கும் இலங்கை ஜனாதிபதிக்கும் இடையே பரிமாறப்பட்ட கடிதங்கள், இந்திய நலனுக்குப் பாதகமாகத் திருகோணமலையை எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் விடுவதில்லை என்றும், குதங்களைக் கூட்டாகச் சீர்செய்வதென்றும் கூறின. 2022 ஜனவரி ஒப்பந்தம் 14 குதங்களை இந்திய நிறுவனத்துக்கும் 24ஐ இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும் 61ஐக் கூட்டு நிறுவனமொன்றுக்கும் பிரித்தது. சம்பூரில் இடம்பெயர்ந்தோரின் நிலத்தில் திட்டமிடப்பட்ட நிலக்கரி மின் நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. இந்த வரிசையில் ஒப்பமிட்டவர்கள் எல்லோரும் அரசுகளும் கூட்டுத்தாபனங்களும்தான். கரையில் வாழ்வோர் கட்சிக்காரராக எந்தத் தாளிலும் இல்லை. திமோர்த் தீர்ப்புரையில் வீரமந்திரி சுட்டிக்காட்டிய குறைக்கு இது தூரத்து உறவு என்று சொல்வது மிகையாகாது.

கந்தளாயில் ஒவ்வொரு போகத்துக்கும் முன் விவசாயிகளும் அதிகாரிகளும் ஒரு கூட்டத்தில் அமர்கிறார்கள். குளத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த நாளில் மதகு திறக்கும், எந்த நாளில் பூட்டும் என்று அங்கேதான் முடிவாகிறது. அந்தக் கூட்டத்திலும் சண்டை வரும், பலவானின் குரல் ஓங்கும். 1986 ஏப்ரலில் அந்தக் குளத்தின் அணையே உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றதையும் மறக்க முடியாது. கூட்டம் இருப்பதால் மட்டும் காவல் நிறைவேறிவிடாது. ஆயினும் பாதிக்கப்படுபவர் கேள்வி கேட்க ஒரு பாயும் ஒரு நாளும் அங்கே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. சீனக்குடாவின் குதங்களுக்கு அப்படியொரு கூட்டம் இதுவரை கூட்டப்பட்டதில்லை. வீரமந்திரி குளத்தை உலக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். குளத்தின் கூட்டத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவது அவரை வாசிப்பவர்களின் பாடு.