முதல் நாற்காலியின் ‘கல்’

நாலு பேர் மேசையில் முதல் க்ளூ மொட்டையாக வந்தால் உடனே ஒரு தீர்ப்பு விழுந்துவிடுகிறது. “இவங்கதான், நழுவுறாங்க பாரு.” அண்டர்கவர் ஆடும் எந்தக் குழுவிலும் இதைக் கேட்கலாம். ஆளுக்கொரு ரகசிய வார்த்தை கிடைக்கும்; சிவிலியன்களுக்கு எல்லாம் ஒன்றே, அண்டர்கவருக்கு மட்டும் அதை ஒட்டிய இன்னொன்று. வரிசையாக ஒவ்வொருவரும் ஒரு க்ளூ சொன்ன பிறகு, விரல் நீட்டி ஓட்டுப் போட்டு ஒருவரை வெளியேற்ற வேண்டும். ஞாயிறு சாயங்காலங்களில் எங்கள் மொட்டைமாடியில் நாலு பேர் கூடி ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவன் நான். அங்கே இந்தத் தீர்ப்புக்கு வாராவாரம் பலியாகிறவர் ஒருவர். பெயர் வேண்டாம். உங்கள் மேசையிலும் அப்படி ஒருவர் இருப்பார். நான் அவர் கட்சி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் மூன்று பேருக்கு ‘தோசை’, ஒருவருக்கு ‘ஊத்தப்பம்’. நம்மவர் முதல் நாற்காலி. கைமாறி வந்த போனைப் பார்த்தார், கவிழ்த்து வைத்தார், சற்று யோசித்து “கல்” என்றார். அடுத்தவர் “மாவு”. மூன்றாமவர் துள்ளிக்கொண்டு “மொறுமொறு” என்றார். நாலாமவர் ஒரு விநாடி நிறுத்தி “நெய்” என்றார்.

மூன்று விரலும் ‘கல்’லைக் காட்டின. அடுத்த ரவுண்டில் ‘மாவு’ போனார், அதோடு கதை முடிந்தது. டீ குடிக்கும்போது எல்லாரும் நம்மவரைத்தான் பிடித்துக்கொண்டார்கள். “முதல்லயே தெளிவா சொல்லியிருந்தா நீங்க போயிருக்க மாட்டீங்களே அக்கா!” ‘மொறுமொறு’வுக்கோ முதுகில் தட்டல். எனக்குப் பொறுக்கவில்லை.

நாலாம் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். கையில் ‘ஊத்தப்பம்’. கல் என்கிறார்கள், பொருந்துகிறது. மாவு என்கிறார்கள், அதுவும் பொருந்துகிறது. அந்த நிமிஷம் வரை, தான்தான் அண்டர்கவர் என்று அவருக்கே தெரியாது. அப்படியே விட்டிருந்தால் “வெங்காயம்” என்று வாய்விட்டிருப்பார், மாட்டியிருப்பார். ‘மொறுமொறு’ காதில் விழுந்த பிறகுதான் மற்றவர்கள் கையில் இருப்பது தோசை என்று பிடிபட்டது, நெய்க்குத் தாவினார். ஆட்டத்தைக் காட்டிக்கொடுத்தது மூன்றாம் நாற்காலி. ஓட்டு வாங்கியது முதல் நாற்காலி.

இதைவிட அடிப்படையான ஒன்றையும் பார்க்கத் தவறுகிறோம். அண்டர்கவரில் யாருக்கும் தன் வேஷம் தெரியாது. வார்த்தை மட்டும்தான் கையில். நாலு பேரில் ஒருவர் அண்டர்கவர் என்றால், முதலில் பேசுகிறவர் தானே அந்த ஆளாக இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அவருக்கு முன்னால் யாரும் பேசவில்லை, ஒப்பிட எதுவுமில்லை. சிவிலியனாக இருந்தாலும் அண்டர்கவராக இருந்தாலும் அந்த நாற்காலியில் யோசிப்பது ஒரே மாதிரிதான். பிறகு முதல் க்ளூ மொட்டையாக இருப்பதில் குற்றத்தின் தடயம் எங்கிருந்து வரும்? இல்லாத தடயத்தை வைத்துத்தான் மூன்று பேர் விரல் நீட்டுகிறார்கள். மிஸ்டர் ஒயிட்டைச் சேர்த்து ஆடினால் கதை வேறு. அவருக்கு வார்த்தையே கிடையாது, அது அவருக்கும் தெரியும். அப்போது மொட்டையாகப் பேசுகிறவரைச் சந்தேகப்படுவதில் நியாயம் உண்டு. எங்கள் மேசையில் நாலு பேருக்கு மிஸ்டர் ஒயிட் வைப்பதில்லை.

இந்தத் தப்புக் கணக்கு வேறு ஆட்டங்களிலிருந்து வந்தது என்பது என் எண்ணம். மாஸ்கோவில் டிமித்ரி டேவிடோஃப் உருவாக்கிய மாஃபியா இந்த வகை ஆட்டங்களுக்கு ஒரு முன்னோடி. அதில் மாஃபியாக்காரனுக்குத் தான் யார் என்பது தெரியும், ஆகவே அமுக்கிப் பேசுகிறவன் மேல் கண் வைப்பது சரி. நம் ஊரிலும் நாலு சீட்டைக் குலுக்கிப்போட்டு ராஜா, ராணி, போலீஸ், திருடன் ஆடி வளர்ந்தவர்கள் நாம். போலீஸுக்கு வேலையே முகத்தைப் பார்த்துத் திருடனைப் பிடிப்பதுதான். அந்தப் பழக்கத்தை அப்படியே அண்டர்கவர் மேசைக்குக் கொண்டுவந்துவிட்டோம். இங்கே யார் தயங்கினார் என்பதைவிட எந்த க்ளூ எத்தனையாவதாக வந்தது என்பதுதான் முக்கியம்.

சின்ன மேசையில் தப்புக்கும் இடமில்லை. ஒரே ஒரு சிவிலியன் மிஞ்சினால் அண்டர்கவர் ஜெயித்தாயிற்று. நாலு பேரில் முதல் தப்பு ஓட்டோடு மூன்று பேர், இரண்டாவதோடு முடிவு. மூன்று பேர் ஆட்டத்தில் முதல் தப்பே கடைசி. எட்டுப் பேர் மேசையில் ஒரு ‘மொறுமொறு’வைத் தாங்கலாம், நாலு பேரில் முடியாது.

நம்மவர் பயந்தாங்கொள்ளி என்பவர்கள் அவரைக் கடைசி நாற்காலியில் பார்க்கட்டும். மூன்று வாரம் முன்பு ‘ரயில்’, ‘பஸ்’ ஜோடி. முதல் இருவரும் “டிக்கெட்”, “ஜன்னல்” என்று அடக்கமாக முடித்தார்கள். மூன்றாமவர் “கண்டக்டர்” என்றார். நம்மவர் கையில் ‘ரயில்’. முதல் இருவர் கையிலும் பஸ் இருந்தால் நம்மவர்தான் அண்டர்கவர், வாயைத் திறந்ததும் போய்விடுவார். தெரிந்தே, நிமிர்ந்து உட்கார்ந்து, “தண்டவாளம்” என்றார். கண்டக்டர் அந்த ரவுண்டிலேயே வெளியேறினார். பயந்த ஆள் சொல்லும் க்ளூவா அது? முதல் நாற்காலியில் கல், கடைசி நாற்காலியில் தண்டவாளம். அவருக்குப் பின்னால் பேச ஆள் இருக்கும்வரை அவர் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. எங்கள் மாடியில் நாற்காலியைக் கணக்கில் வைத்து ஆடுகிறவர் இப்போதைக்கு இவர் ஒருவர்தான்.

இனி எப்படிப் போகும்? இன்னும் இரண்டு மூன்று வாரம் முதல் ரவுண்டிலேயே அவரை அனுப்பிக்கொண்டிருப்பார்கள். பிறகு யாராவது ஒருவர் முதல் நாற்காலியில் அவரைப் பார்த்து அடக்கி வாசிப்பார், அண்டர்கவர் மூன்றாவதாக வந்து உளறுவார், அன்றைக்குத்தான் மேசைக்கு உறைக்கும். அதற்குப் பின் ஒரு கெட்ட காலமும் வரும். கடைசி நாற்காலியிலும் “கல்” மாதிரியே சொல்ல ஆரம்பிப்பார்கள், நாலு க்ளூவும் வழவழவென்று வந்து ஓட்டு குருட்டாம்போக்கில் விழும். அதைத் தாண்டிய மேசைதான் தேறும். பொங்கலுக்குள் எங்கள் மாடி தேறிவிடும் என்று பந்தயம் கட்டத் தயார். யார் முதலில் பேசுவது என்று சண்டை போடுகிற காலம் போய், கடைசியில் பேசச் சண்டை வரும். ‘மொறுமொறு’க்காரர் பாணியை மாற்றாவிட்டால் அவர் இருக்கும் பக்கம் தோற்றுக்கொண்டே இருக்கும்.

வரும் ஞாயிறு முறைப்படி முதல் நாற்காலி மறுபடி நம்மவருக்கு. மொட்டையாகத்தான் ஒன்று சொல்வார். மேசையில் இருக்கிற மற்ற மூன்று பேருக்கும் ஒரு வேண்டுகோள். விரல் நீட்டும் முன் அவருக்குப் பின்னால் பேசியவர்கள் சொன்னதை இன்னொரு தடவை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்.