கிளி கேட்ட தங்கச்சி: மலையகத்து உடன்பிறப்புக் கதைகள், ஒரு மீள்வாசிப்பு

அந்தப் புத்தகத்துக்கு அட்டை கிடையாது. முதல் நாலைந்து பக்கங்களும் கிடையாது. பழுப்பேறிய மட்டக் காகிதம், புளியங்கொட்டை அளவு எழுத்து. செய்யுளை அடி பிரிக்காமல் வசனம் மாதிரி ஓடவிட்டு அச்சடித்திருப்பார்கள். ராகம் தெரிந்தவருக்குத்தான் எங்கே மூச்சு விடுவது என்று பிடிபடும். எங்கள் பெரியம்மாவுக்கு ராகம் தெரியும். தோட்டப் பாடசாலையில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். பசறைப் பக்கத்து லயமொன்றின் இஸ்தோப்பில் குப்பி லாம்பை இழுத்து வைத்துக்கொண்டு, கொழுந்து கிள்ளிக் கறை ஏறிய விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு நல்லதங்காள் கதை பாடுவார். ஏழு பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் போடும் இடம் வரும்போது, சுற்றியிருக்கும் நாங்கள் அந்த ஏழு பேரையும் எங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்வோம். எல்லோருக்கும் மூத்தவன்தான் வேண்டும். அவன் ஒருவன்தானே தப்பி ஓடப் பார்க்கிறான்!

சிறுவர் இலக்கியம் என்று தனியாக எதுவும் எங்களுக்கு வந்து சேராத காலம். இரத்தின நாயகர் சன்ஸ் போன்ற சென்னைப் பதிப்பகங்கள் போட்ட ‘பெரிய எழுத்து’ வரிசைதான் எங்கள் தொடர் புத்தகம். அல்லி, பவளக்கொடி, தேசிங்கு ராஜன், நல்லதங்காள் என்று நீளும் அந்த வரிசையைப் பெரியவர்களுக்கென்று அச்சடித்திருக்கலாம். கேட்டு வளர்ந்தவர்கள் பிள்ளைகள். அதிலும், கூத்துக் களத்திலும், பின்னால் பதுளை நகரத்தில் கைக்குக் கிடைத்த ஆங்கிலக் கதைகளிலும் வந்த அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சிகளை வளர்ந்த பிறகு திரும்பப் படித்தவன் எழுதும் கட்டுரை இது. திரும்பப் படித்தபோது உறுத்தியது ஒன்றுதான். இந்தக் கதைகளில் உடன்பிறந்தாள் எதையாவது கேட்கிறாள். கேட்டதற்குப் பிறகு எல்லாம் அழிகிறது. பழி அவள் தலையில் விழுகிறது.

நல்லதங்காளையே எடுப்போம். பஞ்சம் தாங்காமல் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் நல்லதம்பியின் வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் வேட்டைக்குப் போயிருக்கிறான். அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். பிறகு ஓட்டைப் பானையும் எரியாத பச்சை மட்டையும் கொடுத்து உலை வைக்கச் சொல்கிறாள். சிறு வயதில் எங்களுக்கு வில்லி அண்ணிதான். அவள் பெயர் வந்தாலே இஸ்தோப்பில் யாராவது காறித் துப்புவார்கள். நாற்பது வயதில் படிக்கும்போது கண் வேறிடத்தில் நிற்கிறது. தங்கைமேல் உயிரையே வைத்திருக்கும் அண்ணன், அவள் கதவைத் தட்டும் நாளில் மட்டும் வீட்டில் இல்லை. திரும்பி வந்து அவன் வாங்கும் பழியெல்லாம் மனைவி மீதுதான். பிறந்த வீட்டில் தங்கைக்கு என்ன உரிமை என்ற கேள்வியை அவனும் கேட்பதில்லை, கதையும் கேட்பதில்லை.

இந்தக் கதை மலைநாட்டில் ஊன்றியதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 1876 தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பஞ்சம் கங்காணிமார் பின்னால் கடல் கடந்து வந்தவர்களுக்கு ஏடு பார்த்துத் தெரிந்துகொண்ட செய்தியல்ல. ஆனால் எங்கள் தலைமுறைக்கு அதே கதை இன்னொரு பொருளில் திரும்பி வந்தது. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். கணக்கு தலைக்கணக்கு, பிரிந்தது குடும்பம். அண்ணன் இந்தியாவுக்கு மனுப் போட்டிருப்பான், கலியாணம் கட்டிப் போன தங்கச்சியின் புருசன் இலங்கைக்குப் போட்டிருப்பான். தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலுக்கு எங்கள் சனம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. மு. சிவலிங்கம் அதையே தன் சிறுகதைத் தொகுப்புக்குத் தலைப்பாக வைத்தார். பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். ஐம்பது வருசம் கொழுந்தையும் சனத்தையும் ஏற்றி இறக்கிய பாதை, கடைசியில் உடன்பிறந்தாரைப் பிரித்து அனுப்பவும் உதவியது. தங்கச்சி மகள் பெரிய மனுசியானபோது மாமன் சீர் வைக்க வேண்டியவன் கூடலூரிலோ கோத்தகிரியிலோ இன்னொரு தேயிலை மலையில் நின்றான். 1984க்குப் பிறகு தலைமன்னார்க் கப்பலும் இல்லை. அண்ணன் வீட்டில் இல்லாத நாளில் தங்கை கதவைத் தட்டுகிற கதையை அந்த வீடுகளில் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று நான் விளக்கத் தேவையில்லை. பெரியம்மா ஒரு கட்டத்தில் அந்தப் புத்தகத்தைத் தொடுவதையே விட்டுவிட்டார்.

காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்றும் தோட்டத்துக் களங்களின் பெரிய ஆட்டங்கள். மூன்றாவதன் தாய்நிலம் கொங்கு நாடும் மணப்பாறைப் பக்கமும். வீரப்பூரில் மாசித் திருவிழா இன்றும் நடக்கிறது. குன்றுடையான், தாமரை தம்பதிக்குப் பிறந்த பொன்னரும் சங்கரும் மாவீரர்கள். இவர்களின் தங்கை அருக்காணித் தங்காள். பிள்ளைகளான எங்களுக்குச் சங்கர்தான் உயிர். அவன் கம்பு வீசி வந்தால் களத்தில் முன்வரிசை பின்னால் சரியும். தங்காள் வேசம் கட்டுவதும் ஆம்பிளைதான். கொழுந்து மடுவத்தில் பகலில் நாம் பார்த்த ஆளே சேலை கட்டி, முகத்தில் அரிதாரம் வழிய, படுகளத்தில் விழுந்து கிடக்கும் அண்ணன்மாரைத் தேடி வருவார். விடியற்காலைப் பனியில் அந்த ஆம்பிளைக் குரல் உடைந்து எழும்போது, அதுவரை தூங்கி வழிந்த பெண்கள் எழுந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுவார்கள். அவர்கள் அழுதது அண்ணன்மாருக்காக என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

கதையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் எல்லாம் ஒரு கிளியில் தொடங்குகிறது. தங்காள் கனவு காண்கிறாள். காட்டிலிருக்கும் சோடிக் கிளி வேண்டும் என்கிறாள். கிளி பிடிக்கப் போன இடத்தில் வேட்டுவரோடு பகை முற்றுகிறது. கொம்பன் என்ற காட்டுப் பன்றி வருகிறது, போர் வருகிறது, அண்ணன்மார் மாய்கிறார்கள். கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் இந்தக் கதையைப் பாடகர் வாயிலாகவே பதிவுசெய்தார். 1982இல் அவர் எழுதிய நூலின் தலைப்பே மூவரையும் சேர்த்து ‘மூன்று இரட்டையர்’ என்கிறது. தலைப்பில் தங்கைக்குச் சம இடம் கொடுத்ததே ஒரு வாசிப்புத்தான். அவர் பதிந்த வடிவத்தில் வேட்டுவர் தரப்பிலும் ஓர் அண்ணன்மார் கூட்டம், அவர்களுக்கும் ஒரு தங்கை; கொம்பன் அவள் வளர்த்த பன்றி. ஆக, போர் இரண்டு தங்கைகளுக்கு நடுவில் நடக்கிறது, சாகிறவர்கள் அண்ணன்கள். அதன் பிறகு தங்காள், துக்கம் கொண்டாட வராத அண்ணிமாரின் அரண்மனைக்கே தீ மூட்டுகிறாள். எங்கள் களத்தில் இந்தத் தீயை நான் பார்த்ததில்லை.

இடையில் ஒன்று சொல்லிவிட வேண்டும். இது நிலமுள்ள கவுண்டர் வீட்டுக் கதை. அதில் அலைந்து திரிந்து எல்லா வேலையும் செய்கிறவன் சாம்புகன். அவன் பறையர். உடன்பிறப்புக் கணக்கில் அவனுக்கு இடமில்லை. தோட்டத்தில் கூத்துப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் சாம்புகன் வழி வந்தவர்கள். அவர்கள் ஏன் பொன்னர் சங்கருக்காக அழுதார்கள் என்பதை மலையகக் கூத்தாய்வுகள் இன்னும் ஆழ உழவில்லை.

மற்றபடி பொன்னர் சங்கர் வளர்ந்தவர்கள் கையில் பலமுறை உருமாறியிருக்கிறது. சக்திக்கனல் 1971இல் அண்ணன்மார் சுவாமி கதையை நூலாக்கினார். மு. கருணாநிதி நாவலாக எழுதினார். அது 2011இல் பிரசாந்த் இரட்டை வேடத்தில் படமாகி, பார்த்த கையோடு மறக்கப்பட்டது. பிரெண்டா பெக் அதை 26 பகுதி அசைபடமாகவும் தமிழிலும் ஆங்கிலத்திலும் சிறுவர் படக்கதை வரிசையாகவும் கொண்டுவந்தார். விடிய விடியக் கேட்ட கதை பேரப்பிள்ளைகளுக்கு வண்ணப் படமாக வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் படக்கதையில் தங்காள் அழுதால் ஒரு கட்டத்துக்குள் அழுது முடித்துவிட வேண்டியிருக்கிறது.

பதுளை நகரத்துக்குப் படிக்க வந்தபோது எனிட் பிளைட்டன் கிடைத்தார். 1942 தொடங்கி 1963 வரை 21 புத்தகங்களில் ஜூலியன், டிக், ஆன் என்ற மூன்று உடன்பிறப்புகளும் அவர்களின் உறவுக்காரப் பெண் ஜோர்ஜும் நாய் டிம்மியும் தீவு தீவாகத் திரிந்தார்கள். அவர்களுக்குச் சொந்தமாக ஒரு தீவே இருந்தது என்பதை நான் பொறாமையோடு படித்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் இரகசியம் என்ற ஒன்றே கிடையாது. பக்கத்து வீட்டு இருமல்கூட நமக்குத் தெரியும். தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ கதையைப் படித்தவர்களுக்கு, அந்த ஒற்றை அறைக்குள் வளர்ந்த பிள்ளைகளும் பெற்றோரும் எப்படி நெருக்குண்டு கிடந்தார்கள் என்பது தெரியும். ஜோசப் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்தவர், எங்கள் மண்காரர். இங்கிலாந்தில் வளர்ந்த வாசகர்கள் பிளைட்டனைத் திரும்பப் படித்துச் சிரித்தார்கள். 1982இல் தொலைக்காட்சியில் நையாண்டிப் படம் எடுத்தார்கள். 2016இல் பெரியவர்களுக்கென்றே கேலிப் புத்தக வரிசை போட்டார்கள். எனக்கு ஆன் என்ற அந்தத் தங்கச்சியைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை. குகையில் தங்கினாலும் கோப்பை கழுவி, படுக்கை விரித்து, சாப்பாட்டை அடுக்கி வைப்பவள் அவள். எதையும் கேட்காத தங்கச்சி. அதனால்தான் ஒரு கெடுதலும் வராமல் 21 புத்தகமும் ஓடின!

சி. எஸ். லூயிசின் நார்னியா வரிசையில் நால்வர். 1956இல் வந்த கடைசிப் புத்தகத்தில் மூத்தவள் சூசன் மட்டும் மற்ற மூவரோடும் இல்லை. பூச்சும் விருந்தும் தேடி அவள் நார்னியாவை மறந்துவிட்டாள் என்கிறார்கள். மற்றவர்கள் ரயில் விபத்தில் இறந்து நார்னியா சேர, அவள் தனியே மிஞ்சுகிறாள். நீல் கெய்மன் 2004இல் அவளை முன்வைத்தே ஒரு சிறுகதை எழுதினார். ரயிலோடு போய்விட்ட உடன்பிறப்புகள், ஊரில் மிஞ்சிய அக்கா. இதைப் படிக்கும் மலையகத்தாருக்கு நார்னியா அவ்வளவு தூரத்து நாடல்ல.

எங்கள் சொந்த எழுத்துக்கு வருவோம். மலையகச் சிறுகதைகளில் அக்கா நிறையவே வருகிறாள். தாய் மலைக்கு ஏறியதும், பிள்ளை மடுவத்தில் விட முடியாத கைக்குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பாடசாலையைத் தூரத்திலிருந்து பார்க்கிறவள்; தம்பி சாதாரண தரம் எழுதும் வருசத்தில் பேர் பதிந்து கொழுந்துக்குப் போகிறவள். ஆனால் இவை பெரியவர்களுக்கான கதைகள். லயத்து அக்காவும் தம்பியும் தொடர்ந்து வரும் சிறுவர் நூல் வரிசை ஒன்றைப் பதுளைக் கடைகளில் தேடியபோது சென்னையில் அச்சான நீதிக்கதைகளும் கொழும்பில் அச்சான பயிற்சிப் புத்தகங்களுமே கிடைத்தன. தோட்டத்துப் பிள்ளைக்குத் தன் அக்காவைப் புத்தகத்தில் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. எழுதுகிறவர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. சிறுவருக்கு எழுதினால் இலக்கியவாதி பட்டம் குறைந்துவிடும் என்ற பயம்தான் காரணம் என்பது என் தீர்ப்பு.

பெரியம்மாவின் புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. பக்கங்களை நூலால் தைத்து, கடைசித் தாளில் யாரோ கொழுந்துக் கணக்கு எழுதியிருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெட்டியடியிலும் இப்படி ஒன்று கிடக்கலாம். கூத்துப் பிரதி எழுதிய சீ.ஆர். கொப்பியும் கிடக்கலாம். பழைய பேப்பர்காரனுக்கு நிறுத்துப் போட்டுவிடாதீர்கள். 2005 முதல் ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்திடம் ஒரு பிரதி எடுக்கக் கொடுங்கள். அதற்கு முன், தங்காள் வேசம் கட்டிய ஆள் உங்கள் தோட்டத்தில் இன்னும் உயிரோடு இருந்தால், அவர் கிளி கேட்கும் இடத்தை ஒருதரம் பாடச் சொல்லிக் கைபேசியில் பதிந்து வையுங்கள்.